"எல்லாரும் சொல்றாங்க" என்று வரும் புகாரை வைத்து என்ன செய்வது?

வாசகியின் கேள்வி (பட்டுக்கோட்டைப் பக்கம்)

தென்னை நார் மில்லில் சூப்பர்வைசராகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. நார் காயவைக்கும் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் சரியாக வேலை பார்ப்பதில்லை என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள். நான் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. முதலாளியின் மச்சான், "மூணு பேர் சொன்னா போதாதா, கணக்கு முடிச்சு அனுப்பும்மா" என்கிறார். சொன்ன மூவருமே தங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்கிறார்கள். நான் என்ன செய்ய?

ஜனவரி 18, இரவு

முதலில் மச்சானுக்குப் பதில். முடியாது என்று சொல்லாதீர்கள். "ஒரு வாரம் நானே கூட நின்னு பாக்கறேன் சார், பாத்ததை எழுதித் தர்றேன், அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லுங்கள். எழுதித் தருகிறேன் என்றால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் மில் நின்றுவிடாது. கணக்கு முடித்து அனுப்பிய ஒருவரை மறுபடி கூப்பிட்டு, "தப்பாயிடுச்சு, வாங்க" என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்தது அந்த மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் தனியாக இதைக் கேளுங்கள்: நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? என்றைக்கு? எத்தனை மணிக்கு? அதனால் எந்த வேலை நின்றது, யார் தலையில் விழுந்தது? "எப்பவுமே அப்படித்தான்" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். கடைசியாக நடந்த ஒரே ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். பார்த்தவரால் ஒரு நாளைச் சொல்ல முடியும்.

பெயர் வெளியே வரக்கூடாது என்பதுதான் சிக்கல். பெயரைச் சொல்லமாட்டேன் என்று தாராளமாக வாக்குக் கொடுக்கலாம். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்: "அப்படின்னா நீங்க சொன்னதை மட்டும் வச்சு நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். நானா போய்ப் பாக்குறதுக்கு ஒரு தகவலா வச்சுக்கறேன்." அந்த அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எதையும் வைத்து அவர்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது. நான் இந்த வேலையில் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பது இது ஒன்றைத்தான்.

ஜனவரி 19, காலை

"உங்களுக்கு நார் மில்லைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நார் மில்லைப் பற்றித் தெரியாது. நான் மன்னார்குடிப் பக்கம் அறுவடை இயந்திரங்களுக்கான சர்வீஸ் சென்டர் ஒன்றில் மேலாளர். எங்களுக்கு வரும் புகார் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் வாய், மூன்றாம் வாயாகத்தான் வரும். சம்பா அறுப்புக்கு ஆத்தூர், சேலம் பக்கமிருந்து வண்டிகள் வந்து இறங்கும். வண்டி முதலாளி அங்கே ஊரில் இருப்பார். டிரைவர் இங்கே வயலில் இருப்பார். விவசாயி பேசுவது தரகரிடம். மெக்கானிக் என்ன செய்தார் என்று நேரில் பார்த்தது டிரைவரும் ஹெல்ப்பரும் மட்டும். என் போனில் கத்துவதோ ஆத்தூர் முதலாளியும் தரகரும். பார்த்தவர் பேசமாட்டார், பேசுகிறவர் பார்த்திருக்கமாட்டார்.

ஜனவரி 19, இரவு

உதாரணம் கேட்டார்கள். பெயரும் வருடமும் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை லைன் பார்க்கும் மெக்கானிக் ஒருவர். ஒரு சீசனில் அவரைப் பற்றி ஒரு பேச்சு: "கையில காசு வச்சாத்தான் வண்டியைத் தொடுவாராம்." பார்ட்ஸ் கவுண்டரில் இருக்கும் தம்பி வந்து சொன்னார். அவருக்குச் சொன்னது ஒரு தரகர். எங்கள் முதலாளி காதுக்கும் போய்விட்டது. "அவனை நிறுத்திட்டு வேற ஆளை அனுப்பு" என்றார்.

நான் வந்த வழியே திரும்பிப் போனேன். தரகரிடம் கேட்டால், "நான் பாக்கல சார், டிரைவர் சொன்னாரு." டிரைவரிடம் கேட்டால், "ஹெல்ப்பர் பையன்தான் பார்த்தான்." பையன் பார்த்தது இது: இடும்பாவனம் பக்கம் ஒரு வயலில் வண்டி நின்றுகிடக்கிறது, டிரம் பெல்ட் அறுந்திருக்கிறது. மெக்கானிக் வந்தார், பார்த்தார், பணம் கேட்டார், டிரைவர் எண்ணிக் கொடுத்தார், அதற்குப் பிறகுதான் பெல்ட்டை மாட்டினார்.

பையன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த வண்டி முதலாளிக்கு எங்களிடம் பழைய பாக்கி இருந்தது. பாக்கி வைத்தவர்களுக்குப் பார்ட்ஸ் ரொக்கத்துக்குத்தான் என்று எங்கள் அலுவலகமே கவுண்டருக்குச் சொல்லியிருந்தது. மெக்கானிக் வாங்கியது பெல்ட்டின் விலை. அன்று சாயங்காலமே கவுண்டரில் கட்டியிருக்கிறார், பில் இருக்கிறது, அந்த வேலைக்கான ஜாப் கார்டில் பில் எண்ணும் இருக்கிறது. ரொக்கத்துக்குத்தான் பார்ட்ஸ் என்று வண்டி முதலாளிக்கோ டிரைவருக்கோ யாரும் சொல்லவில்லை. புகார் மெக்கானிக் பெயரில் வந்தது, கோளாறு அலுவலகத்தின் விதியில் இருந்தது.

அந்த மெக்கானிக்கிடம் நான் பேசியதையும் சொல்லவேண்டும். "உங்களைப் பத்தி கம்ப்ளெயிண்ட் வருது" என்று ஆரம்பிக்கவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்ட நிமிஷத்திலிருந்து மனுஷன் யார் சொன்னது என்பதைத்தான் யோசிப்பார், என்ன நடந்தது என்பதை யோசிக்கமாட்டார். நான் கேட்டது: "அண்ணே, போன வியாழக்கிழமை இடும்பாவனம் வண்டிக்குப் போனீங்கள்ல, போனதுலேர்ந்து கிளம்புற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க." அவரே பெல்ட், பணம், பில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு, இப்படி ஒரு பேச்சு வந்தது என்று நானும் மறைக்காமல் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். அதற்கு இடம் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 21

கும்பகோணத்திலிருந்து ஒரு ஐயா, "மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால் நம்பலாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே" என்று கேட்கிறார். ஒற்றாடல் அதிகாரத்து 589ஆம் குறள். எடுத்துப் பார்த்தேன். ஒரு ஒற்றரை இன்னொரு ஒற்றர் அறியாதபடி ஆளவேண்டும், அப்படிப்பட்ட மூவர் சொல் ஒத்துப்போனால் தெளியலாம் என்கிறது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டு மூன்று என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

பட்டுக்கோட்டை அம்மா, உங்களுக்கும் இதுதான். தனித்தனியாக வந்து சொன்னார்கள் என்றீர்கள். மத்தியானம் மூவரும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களா? ஒரே வேனில் வருகிறவர்களா? அப்படியென்றால் அது ஒருவர் சொன்னதாகவும் இருக்கலாம். மூன்று பேர் சொல்கிற நாள், மணி, சம்பவம் மூன்றும் வேறு வேறாக இருந்து ஒரே பழக்கத்தைக் காட்டினால் கனம் அதிகம். மூவரும் அதே ஒரு சம்பவத்தை அதே வார்த்தைகளில் சொன்னால் அதை ஒன்றாகத்தான் எண்ணவேண்டும்.

ஜனவரி 22

தஞ்சாவூர் வக்கீல் ஒருவரின் குறிப்பு முக்கியமானது, கீழே போய் மறைந்துவிடக்கூடாது என்று இங்கே எடுத்துப் போடுகிறேன். "காதால் கேட்டது சாட்சியே ஆகாது" என்று சில பேர் எழுதிவிட்டீர்கள். கோர்ட்டில் பொதுவாக நேரில் கண்டவர், கேட்டவர்தான் வந்து சொல்லவேண்டும். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அப்படித்தான். ஆனால் வேலை இடத்தில் நடக்கும் துறை விசாரணைக்கு அந்தக் கட்டுப்பாடு அப்படியே பொருந்தாது. 1977இல் ஹரியானா அரசு பஸ் கண்டக்டர் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பரிசோதகர்கள் பஸ்ஸைச் சோதித்தபோது சில பயணிகள் டிக்கெட் இல்லாமல் இருந்தார்கள், காசு கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஆனால் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பயணிகளை விசாரிக்காமலே கண்டக்டரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கேள்விப்பட்ட சாட்சியத்தையும் துறை விசாரணையில் எடுத்துக்கொள்ளலாம், விஷயத்தோடு நியாயமான தொடர்பும் நம்பகத்தன்மையும் இருந்தால் போதும் என்று நீதிமன்றம் நீக்கத்தை ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் நான் சொன்னது என்ன ஆச்சு என்று கேட்கலாம். அந்த வழக்கில் பரிசோதகர்கள் தாங்களே சோதித்து, டிக்கெட் இல்லாத ஆட்களைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். வெறும் பேச்சு மட்டும் இருக்கவில்லை. கண்டக்டர்மேல் என்ன குற்றம் என்று அவருக்குத் தெரிவித்தும் இருந்தார்கள். அதே தீர்ப்பு பாரபட்சமின்மையும் நேர்மையான நடைமுறையும் கட்டாயம் என்கிறது. சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு அது. என்னோடு தினமும் டீ குடிக்கிற ஆளிடம் நான் நடந்துகொள்ளும் அளவு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 25

மூன்று நாளாக எழுத முடியவில்லை. வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் வண்டிகள் வயலில் இறங்கும், அதற்குள் நேற்று நின்ற வண்டியைச் சரிசெய்துவிட வேண்டும். ஈரவைக்கோல் சுற்றி டிரம் அடைப்பது, ரேடியேட்டரில் தூசி அடைத்து இன்ஜின் சூடாவது, செயின் கழன்றுவிடுவது என்று இந்த மாதம் முழுக்க இதேதான்.

இதுவரை எழுதியதைப் படித்தால் கேள்விப்படும் புகார் எல்லாமே வெற்றுப் பேச்சு என்று நான் சொல்வதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. எதிர்மாறாக ஒன்று.

எங்களோடு போட்டியில் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்காரர், எங்களுக்கு ஆகாதவர், கல்யாண வீட்டில் யாரிடமோ, "அவங்ககிட்ட இருக்கானே அந்தச் சின்னப் பையன், அவன் கை வச்ச வண்டி மறுவாரமே திரும்பி வரும்" என்று சொல்லியிருக்கிறார். என் மைத்துனர் வழியாக வந்தது. சொன்னவருக்கு உள்நோக்கம் இருக்கிறது என்று எங்கள் ஆபீஸில் எல்லாரும் தள்ளிவிட்டார்கள். எனக்கும் தள்ளிவிடத்தான் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று இருந்தது: மறுவாரமே திரும்பி வரும். ஜாப் கார்டுகளை எடுத்து, அந்தத் தம்பி பார்த்த வண்டிகளில் எத்தனை, அதே கோளாறுக்கே சில நாளில் மறுபடி வந்திருக்கிறது என்று பார்த்தேன். மற்ற மெக்கானிக்குகள் கார்டையும் அதேபோல எடுத்தேன். இதை விட்டுவிட்டால் கணக்கே தப்பாகிவிடும், ஏனென்றால் சீசனில் எல்லார் வண்டியும்தான் திரும்பி வரும். தம்பி பார்த்து அப்படித் திரும்பி வந்த வண்டிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். அதிலும் பேரிங் மாற்றிய வண்டிகள்தான் திரும்ப வந்திருக்கின்றன, மற்ற வேலைகளில் குறை இல்லை.

பேரிங்கைப் பிரஸ்ஸில் அழுத்தி இறக்காமல் சுத்தியலால் தட்டி இறக்கியிருக்கிறார். வயலில் பிரஸ் இல்லை, தட்டித்தான் ஆகவேண்டும் என்று முதல் வருஷம் கூடப்போன மூத்தவரிடம் கற்றுக்கொண்டது. அந்த மூத்தவர் தட்டும்போது வெளிவளையம் எது, உள்வளையம் எது என்று பார்த்து, குழாய் வைத்துத் தட்டுவார். தம்பி அதைக் கவனிக்கவில்லை. சொல்லிக் கொடுத்தோம், சரியாகிவிட்டது. சொன்னவர் எங்கள் எதிரிதான், சொன்னது உண்மைதான்.

ஆகவே யார் சொன்னது, எதற்காகச் சொன்னார் என்பதை வைத்து எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யாதீர்கள். சொன்னதில் போய்ப் பார்க்கக்கூடிய ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பிடிக்காதவர் சொன்னாலும் போய்ப் பாருங்கள். "ஆளு சரியில்ல", "திமிரு", "மரியாதை தெரியல" என்று மட்டும் இருந்தால் பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

ஜனவரி 26

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி தனியாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, இதை மூடி மறைத்து எழுதுவது நியாயமில்லை. நம் பக்கம் "மரியாதை தெரியல" என்ற புகார் யார்மேல் வருகிறது என்று பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிற பையன், யார் வீட்டு வாசலில் செருப்போடு நின்றான், யாரை "சார்" என்று மட்டும் கூப்பிட்டான், "ஐயா" என்று சொல்லவில்லை. வேலையில் குறை என்ற பெயரில் வருகிற சாதிப் புகார் அது. என்னிடம் அப்படி வந்தபோது, "வண்டி ஓடுச்சா?" என்று மட்டும் கேட்டேன். ஓடியது. அதற்குமேல் அந்தப் பேச்சை நடத்தவில்லை, அந்த மெக்கானிக்கை அந்த ஊர் லைனிலிருந்து மாற்றவும் இல்லை. மாற்றியிருந்தால் புகார் ஜெயித்த மாதிரி ஆகியிருக்கும். போன் வந்தபோதெல்லாம் நானும் அவரோடு கூடப் போனேன்.

ஜனவரி 29

நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார்: ஈரப்பதம் பார்க்கிற பணியாளர் கூட்டிச் சொல்கிறாராம் என்று விவசாயிகள் சங்கத்து ஆள் வந்து சொல்கிறார், எந்த விவசாயி என்று சொல்ல மறுக்கிறார்.

உங்களுக்கு எங்களைவிட ஒரு வசதி, கையில் மீட்டர் இருக்கிறது. வழக்கமான வரம்பு 17 சதவீதம், மழைக்காலத்தில் சில வருஷம் மத்திய அரசு தளர்த்தியிருக்கிறது. விவசாயி முன்னாலேயே, ஒரே சாம்பிளை, இரண்டு மீட்டரில் போட்டுப் பாருங்கள். சாம்பிளை ஒரே மூட்டை வாயிலிருந்து எடுக்காமல் பல மூட்டையிலிருந்து எடுங்கள். ரோட்டில் நேற்று மத்தியானம் காயவைத்தபோது இருந்த ஈரமும், பனியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்து விடிந்தபின் இருக்கும் ஈரமும் ஒன்றாக இருக்காது. விவசாயி சொல்வதும் உண்மையாக இருக்கலாம், பணியாளர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவதாகப் புகார் என்றால் மட்டும் நீங்களே துருவாதீர்கள். அது உங்கள் மேலதிகாரிக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் உரிய வேலை.

பிப்ரவரி 2

மயிலாடுதுறையிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. "முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை வைத்து எதுவும் செய்யக்கூடாது என்கிறீர்கள். ஒரு பெண்ணிடம் ஒருவர் தப்பாக நடக்கிறார் என்று அவளுடைய தோழி வந்து சொன்னால்?"

இது வேலைத்திறன் பற்றிய புகார் அல்ல, நான் மேலே சொன்ன வழி இதற்குப் பொருந்தாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்கிறது 2013ஆம் வருஷச் சட்டம். பத்துக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கொடுக்கவேண்டும், மூன்று மாதத்துக்குள். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. தோழி வந்து சொன்னால் மேனேஜர் செய்யவேண்டியது, அந்தப் பெண்ணுக்கு இந்த வழி இருக்கிறது என்று பத்திரமாகத் தெரியப்படுத்துவது. சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, "இப்படிக் கேள்விப்பட்டேனே" என்று விசாரித்துவிடாதீர்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு நெருக்கடி வந்துவிடும்.

உயிர் ஆபத்துள்ள விஷயமும் தனி. டிரைவர் குடித்துவிட்டு வண்டி எடுக்கிறார் என்று யார் சொன்னாலும், பெயர் சொல்லாமல் சொன்னாலும், அன்றைக்கு அவரிடம் சாவி கொடுக்கமாட்டேன். உட்காரவைத்து, அன்றைய கூலியையும் கொடுத்துவிடுவேன். அது தண்டனை இல்லை. குடித்தாரா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6

பட்டுக்கோட்டை அம்மா திரும்ப எழுதியிருக்கிறார். ஒரு வாரம் காயவைக்கும் களத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். மூவரில் இருவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. மூன்றாமவர் பார்த்தது உண்மை. அந்த அக்கா தினமும் மூன்று மணிக்கு மேல் களத்தில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைக் கூட்டிவரப் போகிறார், பழைய சூப்பர்வைசர் வாயால் அனுமதி கொடுத்திருக்கிறார். அதற்குப் பதிலாகக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நாரை விரித்துவிடுகிறார். காலையில் மற்றவர்கள் யாரும் இல்லாததால் அதைப் பார்த்தவர் இல்லை. சாயங்காலம் பனிக்கு முன் நாரைத் திரட்டி ஷெட்டுக்குள் தூக்குவதுதான் கஷ்டமான வேலை, அந்த நேரத்தில் அவர் இல்லாதது எல்லாருக்கும் தெரிகிறது.

அந்த அக்கா குற்றவாளி இல்லை என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள் அம்மா. மற்ற பெண்களின் குறையும் நிஜம். நார் தூக்கும் சுமை அவர்கள் தோளில்தான் ஏறுகிறது. அனுமதியை எழுத்தில் போடுங்கள், முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். சாயங்காலத் தூக்கலுக்கு ஒரு ஆள் கூட்டிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், காலை விரிப்பு வேலையிலிருந்து தூக்குகிறவர்களுக்குக் கொஞ்சம் விடுதலை கொடுங்கள். எல்லாரையும் வைத்து, "இவங்க ஏழு மணிக்கு வர்றாங்க, மூணு மணிக்குப் போறாங்க, எனக்குத் தெரிஞ்சுதான் போறாங்க" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 7

"புகார் சொன்னவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லவேண்டுமா?" கட்டாயம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டார், டீக்கடைக்குப் போவார். முழு விவரம் தேவையில்லை. "நீங்க சொன்னதைப் போய்ப் பாத்தேன், அது சம்பந்தமா செய்யவேண்டியதைச் செஞ்சிருக்கேன்" என்றால் போதும். நேரில் பார்க்காமல் பரப்பியவரிடம் கூடுதலாக ஒன்று: "அடுத்த தடவை நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க."

சக பணியாளரைப் பற்றி வந்து சொல்கிறவரிடம், "அவர்கிட்டயே சொல்லிப் பாத்தீங்களா?" என்று நான் முதலில் கேட்பது வழக்கம். ஹெல்ப்பர் மூத்த மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னால் மட்டும் அப்படிக் கேட்பதில்லை. மறுநாள் அவர் அதே மூத்தவரோடு அதே பைக்கில் வயலுக்குப் போகவேண்டும்.

பிப்ரவரி 12

நோட்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: வைத்திருக்கிறேன். என்ன வந்தது, யார் வழியாக, நான் எதைப் பார்த்தேன், என்ன தெரிந்தது. பார்த்து உறுதியானது மட்டும் அந்தந்த ஆளின் ஃபைலுக்குப் போகும், அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. உறுதியாகாத பக்கங்களைச் சீசன் முடிந்ததும் கிழித்துவிடுவேன். சம்பள உயர்வு பேசும்போது அவை என் கையிலோ மனதிலோ இருக்கக்கூடாது. மனதிலிருந்து கிழிப்பதுதான் சிரமம், அதனால் உயர்வு பேசும் நாளில் ஜாப் கார்டுகளை மேஜையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை மட்டும் பேசுகிறேன்.

போட்டி ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதை அந்தத் தம்பியிடம் சொன்னீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்லவில்லை. கார்டுகளை மட்டும் காட்டினேன், அவருக்கு அது போதுமானதாக இருந்தது.